ஒரே நாளில் பிரிவதா, பேசிப் பேசிப் பிரிவதா?

சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து ஒரே நாளில், 1965 ஆகஸ்ட் 9 அன்று, பிரிந்தது. பிரிட்டன் 2016 ஜூனில் விலகுவதென வாக்களித்து, 2020 ஜனவரி 31 அன்றுதான் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது.

சிங்கப்பூரில் நாம் நம்பியிருந்த, மலேசியாவுடனான பொதுச்சந்தை கைநழுவியது உண்மை. ஆனால் மலேசிய மாநிலமான ஜோகூரிலிருந்து வரும் தண்ணீர் தப்பியது: 1961, 1962 தண்ணீர் ஒப்பந்தங்களுக்குப் பிரிவினை ஒப்பந்தத்திலேயே உத்தரவாதம் எழுதி வாங்கிவிட்டார்கள். மற்றதெல்லாம் மெல்ல வந்தது. சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் குடிநுழைவுச் சோதனை 1967இல்தான் தொடங்கியது.

பிரிட்டனுக்கு இத்தனை அவகாசம் இருந்தும் வட அயர்லாந்து முடிச்சு அவிழவில்லை. பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்திலேயே இருக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலான நில எல்லையில் சோதனை கூடாது என்றதும், சோதனை கடலுக்கு நகர்ந்தது. இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்கு, சொந்த நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கும் சுங்கப் படிவம்! பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட 2023 வின்ட்சர் ஏற்பாடு வந்துதான் கொஞ்சம் தளர்ந்தது.

உயிர்நாடியை அன்றே எழுத்தில் கட்டிவைத்த 1965 வழியே மேல் என்பேன். பிரிட்டன் அந்த எல்லையைப் பற்றி வாக்கெடுப்புக்கு முன்பே மக்களிடம் தெளிவாகப் பேசியிருக்க வேண்டும்.