ஒரு "டிங்" சத்தத்துக்கு 4,720 ரூபாய். வீட்டில் கணினி வைத்திருப்பவர்கள் படித்துவிடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனால் போகட்டும்" என்று நாமே விட்டுவிடுவோம், பணம் வாங்கியவர்களுக்கும் அதுதான் வேண்டும். வீட்டுக் கணினியில் வந்துகொண்டிருந்த ஒரு சத்தத்தை நிறுத்த அப்பா கட்டிய பணம் 4,720 ரூபாய். கட்டச் சொன்னது நான்.

வாங்கியவர்களின் பெயரைப் போடவில்லை. ஃபோன் செய்தால் இணையம் வழியாகவே நம் திரையைப் பிடித்துக்கொண்டு பழுது பார்க்கும் சேவை, அவ்வளவுதான்.

விண்டோஸ் 10 ஓடும் பழைய டெஸ்க்டாப். ஒரு வாரமாக ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் "டிங்". குரோமை மூடினாலும் வருகிறது. கூடவே வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று ஒரு கட்டம் எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது. அப்பா பயந்துபோய்த் திங்கட்கிழமை தேடிப் பிடித்த எண்ணில் பேசியிருக்கிறார். அவர்கள் சொன்ன ரிமோட் செயலியை இறக்கி, அதில் வந்த எண்ணை வாசித்தும் காட்டிவிட்டார். பணம் என்றதும்தான் என்னையும் லைனில் சேர்த்தார்.

நான் ஏமாந்த இடம் இதுதான். அந்த ஆள் மிரட்டவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. "சார், ரியல்டெக் ஆடியோ டிரைவர் கரப்ட் ஆயிருக்கு. அது வழியா வைரஸ் உள்ளே போயிருக்கு. நீங்களே பாருங்க" என்று, கணினியின் பாகங்களையும் அவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருள்களையும் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிரைவரின் வெர்ஷன் எண்ணோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அடுத்து ஈவென்ட் வியூவர், விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவேடு. சிவப்பும் மஞ்சளுமாக வரிசை வரிசையாக எச்சரிக்கைகள். "இத்தனை எரர் இருந்தா சத்தம் வராம என்ன சார் செய்யும்?" ஆபீஸில் வேலை நடுவே இருந்தேன். வெர்ஷன் எண்ணெல்லாம் சொல்கிறாரே என்று நம்பினேன். "கட்டிடுங்கப்பா" என்றேன். யுபிஐயில் 4,720 ரூபாய் போனது.

அந்த வெர்ஷன் எண்ணை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஈவென்ட் வியூவரில் சிவப்பு, மஞ்சள் இல்லாத விண்டோஸ் கணினி கிடையாது. அவர் சுட்டிக்காட்டிய வரிகளில் பாதிக்கு மேல் டிஸ்ட்ரிபியூட்டட்காம் 10016 என்ற பிழைப் பதிவு. அது சாதாரணமாக வருவதுதான், கண்டுகொள்ள வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், ஆடியோ டிரைவர் கெட்டால் சத்தம் வராது, இல்லையென்றால் கரகரக்கும், விட்டுவிட்டு வரும், ஸ்பீக்கர் படத்தில் சிவப்புப் பெருக்கல் குறி விழும். கணீரென்று ஒரு "டிங்" கேட்கிறது என்றால் டிரைவர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்! இது எனக்குத் தெரியாததல்ல. அந்த நிமிடம் தோன்றவில்லை.

இருபத்தைந்து நிமிடம் ஏதேதோ ஜன்னல்களைத் திறந்து மூடினார்கள். சத்தம் நின்றது. பில் என்று ஒரு படம் வந்தது: டிரைவர் ரீஇன்ஸ்டால், வைரஸ் நீக்கம், ஓராண்டு ஆன்டிவைரஸ், 4,000. ஜிஎஸ்டி 18 சதவீதம், 720. ஜிஎஸ்டி எண்ணை பில்லில் எங்கே தேடியும் காணோம்.

வியாழக்கிழமை அண்ணன் மகள் கணினியின் தீம்-ஐ (திரைப் படம், நிறம், சத்தம் எல்லாம் சேர்ந்த தொகுப்பு) மாற்றினாள். அடுத்த ஐந்தாவது நிமிடம் "டிங்".

சனிக்கிழமை நானே போய் உட்கார்ந்தேன். ஸ்பீக்கர் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து எது ஒலி எழுப்புகிறது என்று தனித்தனியாகக் காட்டும் வால்யூம் மிக்சரைத் திறந்துவைத்துக் காத்திருந்தேன். "டிங்" வந்தபோது பச்சைக் கோடு எழும்பியது சிஸ்டம் சவுண்ட்ஸ் என்ற பத்தியில். ஏதாவது வலைப்பக்கம் ஒலி எழுப்பினால் குரோம் பத்தியில் எழும்பியிருக்கும். ஆக இது விண்டோஸ் அடிக்கும் அறிவிப்பு மணி, அடிக்கச் சொல்வது வேறு யாரோ. விண்டோஸ் 10-இல் விண்டோஸ் விசையோடு ஏ சேர்த்து அழுத்தினால் வந்த அறிவிப்பெல்லாம் வலப்பக்கம் வரிசையாக நிற்கும். நின்றது. ஒவ்வொன்றிலும் கூகுள் குரோம் என்று போட்டு, பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு தளத்தின் பெயர். அந்த "5 வைரஸ்" கட்டமும் அதில் ஒன்று. வெறும் விளம்பரம்.

குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அறிவிப்பு அனுப்ப அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் இருக்கும். பதினோரு தளங்கள் இருந்தன. பழைய பாட்டு இறக்கப் போன இடத்தில் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ (அனுமதி) அழுத்துங்கள்" என்று வந்ததாம், அப்பா அழுத்தியிருக்கிறார். பதினொன்றையும் நீக்கினேன். செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓடவிடும் ஸ்விட்ச் ஒன்று உண்டு, அதையும் அணைத்தேன். மூடிய பின்னும் மணி அடித்ததற்கு அதுதான் காரணம். மொத்தம் நான்கு நிமிட வேலை.

அப்படியானால் 4,720 ரூபாய்க்கு அவர்கள் செய்தது என்ன? ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து சவுண்ட்ஸ் என்பதைத் திறந்தால் சவுண்ட் ஸ்கீம் என்று ஒரு பெட்டி வரும். அதில் "நோ சவுண்ட்ஸ்" என்று மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். மணியின் வாயில் துணி அடைத்த கதை. கட்டங்கள் நாளெல்லாம் வந்துகொண்டேதான் இருந்திருக்கின்றன. தீம்-ஐ மாற்றினால் அதோடு சேர்ந்த சவுண்ட் ஸ்கீமும் மாறிவிடும், அதனால்தான் வியாழக்கிழமை சத்தம் திரும்பியது. டிவைஸ் மேனேஜரில் டிரைவர் எண்ணைப் பார்த்தேன். திங்கட்கிழமை "கரப்ட்" என்று அனுப்பிய படத்தில் இருந்த அதே எண். விண்டோஸ் செக்யூரிட்டியில் பார்த்தால் காவலுக்கு இருப்பது விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர் மட்டும். ஓராண்டு ஆன்டிவைரஸ் பில்லில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு பேசினேன். முதல் அழைப்பு: "உங்க டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு சார், சிஸ்டத்துல சக்சஸ்னு காட்டுது." இரண்டாவது: "சீனியர் அரை மணி நேரத்துல கூப்பிடுவார்." கூப்பிடவில்லை. மூன்றாவது அழைப்பில் ஒரு பெண் சொன்னதுதான் வயிற்றெரிச்சல். "தீம் மாத்தினது கஸ்டமர் சைடு மிஸ்டேக், வாரன்டியில வராது சார்." டிரைவரைத்தானே மாற்றினீர்கள், தீம்-ஐ மாற்றினால் டிரைவர் ஏன் கெடும் என்று கேட்டேன். லைன் துண்டானது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக், பதில் இல்லை. நேற்று அவர்களாகவே கூப்பிட்டார்கள். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டதாம், அதனால்தான் சத்தமாம், இன்னொரு 2,000 கட்டினால் பிரீமியம் திட்டமாம். தேதி சரி. சப்போர்ட் முடிந்தால் பாதுகாப்பு அப்டேட் நிற்கும், கணினி மணி அடிக்காது.

ஆலோசனை எழுதுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். எழுதும் பொறுமை இப்போது இல்லை, அவசரத்துக்கு இவ்வளவுதான்.

சத்தம் வந்தால் யாருக்கும் ஃபோன் செய்யும் முன் விண்டோஸ் விசையும் ஏ-யும் (விண்டோஸ் 11 என்றால் ஏ-க்குப் பதில் என்). எந்தத் தளத்திலும் அலோ அழுத்தாதீர்கள். "டிங்" இல்லாமல் இரட்டையாக இறங்கும் சத்தம், ஏறும் சத்தம் மாறி மாறி வந்தால் அது யுஎஸ்பி கழன்று ஒட்டுவது, பிரிண்டர் கேபிளை அழுத்திச் சொருகிப் பாருங்கள். திரை முழுக்க அலாரத்தோடு ஃபோன் நம்பர் வந்தால் கூப்பிடாதீர்கள், மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் ஃபோன் நம்பர் இருக்கவே இருக்காது. எஸ்கேப்பை அழுத்திப் பிடியுங்கள், போகாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். ஏற்கெனவே ரிமோட் செயலி போட்டிருந்தால் இன்றே அன்இன்ஸ்டால் செய்யுங்கள், திரை அவர்கள் கையில் இருக்கும்போது வங்கிப் பக்கத்தைத் திறக்கவே கூடாது.

நுகர்வோர் உதவி எண் 1915, இணைய மோசடிக்கு 1930. 1915-இல் காலையிலேயே புகார் கொடுத்தாயிற்று. வெர்ஷன் எண் படம், பில் படம், யுபிஐ ரசீது மூன்றும் கையில் இருக்கின்றன. 4,720 ரூபாய் திரும்பி வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.