லினக்ஸில் விண்டோஸ் விளையாட்டுகள்: நீண்டகாலப் பாவனைக்குப் பின் என் மதிப்பீடு

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்துக்கென்றே மாற்றி வெளியிடப்பட்ட விளையாட்டுத்தான் லினக்ஸில் நன்றாக ஓடும் என்பது இங்கே மட்டக்களப்பில் என்னிடம் ஆலோசனை கேட்கும் பலரின் எண்ணம். ரைசன் 5 செயலியும் 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டும் உள்ள மேசைக் கணினியில் சில ஆண்டுகளாக லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்டை மட்டுமே பாவித்துவரும் எனக்கு, அது பாதி மட்டுமே உண்மை என்று தோன்றுகிறது.

வால்வ் நிறுவனத்தின் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீம் 2013 பெப்ரவரியில் லினக்ஸுக்கு வெளியான பின்னர், லினக்ஸில் நேரடியாக ஓடும் மாற்றுப் பதிப்புகள் பல வரத் தொடங்கின. அவற்றின் தரம் ஒரே சீராக இருக்கவில்லை. 2014இல் வந்த விச்சர் 2, விண்டோஸ் கட்டளைகளை இடையில் நின்று மாற்றிக் கொடுக்கும் முறையில் அமைந்திருந்ததால் தொடக்கத்தில் மிகவும் மெதுவாக ஓடி, பிறகு திருத்தங்களால் தேறியது. மாறாக, 2018இல் வல்கனைக் (கிராபிக்ஸ் கார்டுக்குக் கட்டளையிடும் புதிய முறை) கொண்டு உருவாக்கப்பட்ட ரைஸ் ஆப் த டூம் ரைடர் இன்றும் என் கணினியில் மிகச் சீராக ஓடுகிறது. அந்தப் பணியை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் மாற்றுப் பதிப்பு ஒருமுறை வெளியான பிறகு அதைத் தொடர்ந்து பராமரிப்பவர் இல்லாவிட்டால், கணினியின் மற்றப் பகுதிகள் எல்லாம் முன்னேற, அது மட்டும் வெளியான நாளிலேயே நின்றுவிடுகிறது. வல்கனுக்கு முந்தைய முறையான ஓபன்ஜிஎல்லில் அமைந்த பழைய சாகச விளையாட்டு ஒன்றை நான் நேரடிப் பதிப்பிலும், அதன் விண்டோஸ் பதிப்பை, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் மென்பொருளான புரோட்டான் வழியாகவும் மாறிமாறி ஓட்டிப் பார்த்தபோது, கூட்டம் நிறைந்த காட்சிகளில் புரோட்டானே தெளிவாக முந்தியது.

வால்வ் நிறுவனம் 2018 ஓகஸ்டில் வெளியிட்ட புரோட்டான், விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் இயக்குவதற்காக 1993 முதல் வளர்ந்துவரும் வைனை அடித்தளமாகக் கொண்டது. அதனுள் இருக்கும் டிஎக்ஸ்விகே, விண்டோஸின் கிராபிக்ஸ் முறையான டைரக்ட்3டியின் 11ஆம் பதிப்பு வரையான கட்டளைகளை வல்கன் கட்டளைகளாக மாற்றுகிறது. டைரக்ட்3டி 12க்கு விகேடி3டி-புரோட்டான் உண்டு. இவை தொடர்ந்து புதுப்பிக்கப்படுவதால், விளையாட்டை உருவாக்கியவர் கைவிட்ட பிறகும் அதன் வேகம் கூடக்கூடும்.

சராசரி வேகத்தைவிட என்னை அதிகம் வருத்தியது திடீர்த் தடுக்கல்தான். திரையில் புதிய காட்சி வரும்போது அதற்குரிய ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) அந்த நொடியிலேயே தொகுக்கப்பட வேண்டியிருப்பதால் படம் ஒரு கணம் உறைகிறது. திரையின் மூலையில் நொடிக்கு 60 சட்டகங்கள் (படங்கள்) என்று எண் காட்டினாலும் கண்ணுக்கு அது 60 ஆகத் தெரிவதில்லை. ஆகவே வேகத்தைத் திரையில் காட்டும் கருவியான மாங்கோஹட்டில் சராசரியைப் பார்க்காமல், ஒவ்வொரு சட்டகமும் எடுக்கும் நேரத்தின் கோட்டைப் பாருங்கள். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0, பொருத்தமான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) இருந்தால், தொகுப்பின் பெரும்பகுதியை விளையாட்டு ஏற்றப்படும்போதே முடித்துவிடுகிறது. அந்த வசதி என் கார்டுக்குக் கிடைத்த பிறகு பழைய தடுக்கல்கள் பெரும்பாலும் மறைந்தன. ஸ்டீம் முன்கூட்டியே இறக்கித் தரும் ஷேடர் கோப்புகளும் உதவுகின்றன, ஆனால் அவை டேட்டாவைத் தின்னும். நான் அவற்றை இரவு நேர டேட்டாவில்தான் இறக்குகிறேன்.

விண்டோஸ் கட்டளைகளை மாற்றும் இந்த வேலை செயலிக்குக் கூடுதல் சுமை என்பதையும் சொல்ல வேண்டும். வெப்பமான கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், குளிரூட்டி இல்லாத கல்லடி வீட்டு அறையில், வேகத்தை 60இல் கட்டுப்படுத்தி வைப்பது கணினிக்கும் நல்லது, மின் கட்டணத்துக்கும் நல்லது.

கல்முனையிலுள்ள மச்சான், விண்டோஸில் நிறுவிய விளையாட்டுகளை அதே என்டிஎப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) வட்டுப் பிரிவிலிருந்தே லினக்ஸில் ஓட்டலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். புரோட்டான் உருவாக்கும் கோப்புப் பெயர்களில் முக்காற்புள்ளி வருகிறது. விண்டோஸ் அதை அனுமதிப்பதில்லை என்பதால் பிரிவில் பிழைகள் தோன்றலாம். லினக்ஸின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 பிரிவில் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பு.

இணையவழிப் போட்டி விளையாட்டுகளில் நிலைமை வேறு. ஏமாற்றி விளையாடுவதைத் தடுக்கும் மென்பொருள்களான ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகியவை 2021இல் புரோட்டானுக்கு வழிவிட்டாலும், அதை அனுமதிப்பதா என்பதை அந்தந்த விளையாட்டு நிறுவனமே தீர்மானிக்கிறது. ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் 2024இல் லினக்ஸ் பாவனையாளர்களைத் தடுத்தது. வலோரன்ட் லினக்ஸில் இயங்குவதில்லை. மச்சானின் மகன் விளையாடுவது பெரும்பாலும் வலோரன்ட் என்பதால், அவர்களுடைய விண்டோஸ் பிரிவை அழிக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறேன்.