கூட்ட நேரத்துக் கூலி: வேலூர் உணவகம் ஒன்றைப் பற்றி

வேலூர் காந்தி சாலையை ஒட்டிய தெருக்களில், சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்து விடுதிகளில் தங்கியிருப்போரை நம்பி நடக்கும் உணவகங்கள் பல. அவற்றுள் ஒன்றில் மூன்று ஆண்டுகளாக வாரம் இரண்டு முறையாவது சாப்பிட்டு வருகிறேன். சாப்பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரைக்குச் சென்றாலும் ஒன்பதரைக்குச் சென்றாலும் இட்லி ஒரே பதத்தில் வருகிறது; சாம்பார் சற்று இனிப்பு; இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயில் காரக்குழம்பு வைக்கும் நாட்களில் மறுசோறு கேட்காதவர் குறைவு. காபி சுமார்தான். விலை அந்தத் தெருவின் மற்றக் கடைகளைவிடத் தட்டுக்கு ஐந்து ரூபாய் வரை கூடுதல். அந்த ஐந்து ரூபாய் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்ட பிறகு அதைக் கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. இதை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே வேலை செய்வோரின் சங்கமும் முதலாளியும் 2024இல் செய்துகொண்ட மூன்றாண்டு ஊதிய ஒப்பந்தத்துக்கு அடுத்த ஒப்பந்தம் பற்றிய பேச்சு வரவிருக்கிறது. வெளியாள் ஒருவன் எழுதியது எந்தத் தரப்புக்கும் இடைஞ்சலாகக் கூடாது.

அந்தப் பகுதி உணவகங்களில் சப்ளையர்களின் முகங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடும். இங்கே மேசை துடைக்கும் அம்மாவும் காலையில் இட்லி கொண்டுவரும் தம்பியும் மூன்று ஆண்டுகளாக அதே ஆட்கள். இங்கே வேலை செய்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் முழுநேர ஊழியர்கள் அல்லர் என்பதை அறிந்தபோதுதான் எனக்கு வியப்பு வந்தது. சைதாப்பேட்டை, கொசப்பேட்டை பக்கத்திலிருந்து காலையில் நான்கு மணி நேரம் வந்து போகும் பெண்கள், காட்பாடியிலிருந்து மாலையில் வரும் கல்லூரி மாணவர்கள், மதியம் மட்டும் பரிமாறிவிட்டு மற்ற நேரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர் என்று பலர். ஓர் உணவகத்துக்குப் பகுதி நேர ஊழியர் எதற்குத் தேவைப்படுகிறார் என்பதைக் காலை ஏழரை மணிக்கு அங்கே போய் நின்றாலே புரிந்துகொள்ளலாம். வெளிநோயாளர் பிரிவுக்குப் போக வேண்டியவர்கள், இரவு முழுவதும் வார்டில் கண்விழித்த உறவினர்கள், காட்பாடியில் இறங்கி நேராக வந்த வங்காளக் குடும்பங்கள் என எல்லோரும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். பதினொரு மணிக்கு அதே கூடத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்கும்.

பாத்திரம் துலக்கும் அக்கா ஒருவரிடம் நான்கு மணி நேர வேலைதானே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "நாலு மணி நேரந்தான் சார். ஆனா நாள் பூராவும் வர்ற கூட்டத்துல பாதி அந்த நாலு மணி நேரத்துலதான வருது? நின்னுகினு தண்ணி குடிக்கக்கூட நேரம் இருக்காது," என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டுகள் வந்து குவிந்தன. பேச்சை நிறுத்தாமல் ஒவ்வொரு தட்டையும் சாம்பல் நிறத் தொட்டியில் முக்கி, தேய்த்து, இரண்டாம் தொட்டியில் அலசி, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுக்கினார். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன.

பகுதி நேரக் கூலியின் சிக்கல் முழுவதும் அவர் சொன்னதில் இருக்கிறது. ஒரு கணக்குக்காக முழுநாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 640 என்றால் மணிக்கு 80; நான்கு மணி நேரத்துக்கு 320. பார்த்தால் நேர்மையான வகுத்தல்தான். ஆனால் முழுநேர ஊழியரின் எட்டு மணி நேரத்தில் கூட்டமும் உண்டு, ஓய்ந்த பொழுதும் உண்டு. அந்த 640 ரூபாய் இரண்டுக்கும் சேர்ந்த சராசரி. பகுதி நேர ஊழியரின் பொழுதில் ஓய்வான பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, கூட்டம் நிறைந்த பாகத்தை மட்டும் அவர் தலையில் வைத்து, கூலியை மட்டும் சராசரிக் கணக்கில் கொடுப்பதை எப்படி நியாயம் என்பது? போக வர ஆகும் நேரமும் பாதியாவதில்லை. நான்கு மணி நேர வேலைக்கும் எட்டு மணி நேர வேலைக்கும் ஒரே தூரந்தான்.

எதை அளந்து கூலி கொடுக்கிறார்கள் என்பது எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். என் தாயார் குடியாத்தத்தில் பீடி சுற்றினார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி; இலையை நனைத்து வெட்டும் நேரத்துக்கும், சரியில்லை என்று கழித்துப்போட்ட பீடிகளுக்கும் ஒன்றும் கிடையாது. அளவுகோலைப் பிடித்திருப்பவர் கையில்தான் கூலி இருக்கிறது என்பது அவர் மடியிலிருந்த தட்டைப் பார்த்து நான் கற்றது.

இந்த உணவகத்தின் ஒப்பந்தத்தில் அளவுகோல் மாற்றப்பட்டிருக்கிறது. பகுதி நேர ஊழியருக்கு மணிக்கணக்குக் கூலி முழுநேர ஊழியரின் மணிக்கணக்கைவிடக் கால் பங்கு கூடுதல். மேலே சொன்ன உதாரணக் கணக்குப்படி மணிக்கு 100 ரூபாய். வந்து கையெழுத்துப் போட்ட பிறகு, கூட்டமில்லை என்று இரண்டு மணி நேரத்தில் அனுப்பினாலும் நான்கு மணி நேரக் கூலி உண்டு. ஒரே நாளில் காலையும் மாலையும் வரச் சொன்னால் இரண்டாம் முறை வருவதற்குத் தனிப் பேட்டா. பஞ்சப்படி (அகவிலைப்படி) உயரும்போது இருவகை ஊழியருக்கும் ஒரே தேதியில் உயரும். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்துடன் சேரும் அகவிலைப்படி சென்னை நகர விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று மாறுகிறது. பல இடங்களில் அது முழுநேர ஊழியரோடு நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த நிலைக்கு வர ஏழெட்டு அமர்வுகள் ஆயின என்று சங்கத்தைச் சேர்ந்த சரக்கு மாஸ்டர் (சமையல்காரர்) ஒருவர் சொன்னார். நாட்கூலி நிர்ணயிக்கப்பட்ட ஒரு வேலையில், முதலாளி வேலை கொடுக்காத காரணத்தால் ஒருவர் குறைந்த நேரம் உழைத்தால் அவர் முழுநாள் கூலிக்கே உரியவர் என்று அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 15ஆம் பிரிவில் சொன்னது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பில் அதுவே 10ஆம் பிரிவு. அவரே வேலை செய்ய விரும்பாமல் போனால் மட்டும் அந்த உரிமை இல்லை. சங்கம் இந்தப் பிரிவை மேசைமேல் வைத்தது. இவர்கள் நான்கு மணி நேரம் போதுமென்று சொல்லித்தான் சேர்ந்தார்கள் என்பது நிர்வாகத்தின் பதில். மாணவர்களைப் பொறுத்தவரை அது உண்மை. பெண்களில் பலர் எட்டு மணி நேரம் கேட்டுக் கிடைக்காதவர்கள். ஆகவே கூடுதல் நேரம் கேட்போரின் பெயரைப் பதிந்துவைக்க ஒரு பட்டியலும், எல்லோருக்கும் கால் பங்கு கூடுதல் கூலியும் என்று பேசி முடித்தார்கள். சட்டத்தின் ஒரு வரியை வைத்துக்கொண்டு வழக்காடாமல், யார் எதற்காக நான்கு மணி நேரம் வருகிறார் என்று தனித்தனியாகக் கேட்டு வந்த தீர்வு என்பதால் எனக்கு இதன்மேல் மதிப்பு அதிகம்.

இதை இவ்வளவு அக்கறையோடு பார்ப்பதற்கு என் சொந்தக் காரணமும் உண்டு. இராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் பணிபுரிந்தபோது நானும் பேச்சுவார்த்தைக் குழுவில் இருந்தேன். கேன்டீனிலும் கழிப்பறைத் துப்புரவிலும் அரைநாள் வேலை செய்த பெண்களின் கோரிக்கையைக் கடைசி நாளில் கைவிட்டு, எங்களுக்கு வந்த உயர்வுக்குக் கையெழுத்திட்டோம். அன்றைய தொழில் தகராறுகள் சட்டத்தில் 18(1) என்ற பிரிவின்கீழ் நேரடியாகச் செய்த ஒப்பந்தம் அது. அதில் கையெழுத்திட்ட தரப்பினரை மட்டுமே அது கட்டுப்படுத்தும். அந்தப் பெண்கள் எங்கள் சங்கத்தில் உறுப்பினராகவே இல்லை, நாங்கள் சேர்க்கவும் இல்லை. மறுநாள் காலை தேநீர் ஊற்றிக் கொடுத்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

இங்கே சங்கம் முதலில் செய்தது பகுதி நேர ஊழியரை உறுப்பினராக்கியது. பிறகு அவர்களில் இருவரைப் பேச்சுவார்த்தைக் குழுவில் அமர்த்தியது. ஒப்பந்தத்தையும் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி முன்னிலையில், அதே சட்டத்தின் 12(3) பிரிவின்கீழ் செய்தார்கள். அப்படிச் செய்தால் அது உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர், நாளை சேரப்போகிறவர் எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

துலக்கும் அக்கா தன் சம்பளச் சீட்டைக் காட்டினார். நாள், மணி, கூலி, பேட்டா என்று தனித்தனிக் கட்டங்கள்; கீழே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் 0.75 சதவீதம். முதலாளி பங்கு 3.25 சதவீதம் என்பதைச் சங்கத்தார் அவருக்கு விளக்கியிருக்கிறார்கள். பகுதி நேர ஊழியர் பலருக்குத் தெரியாத செய்தி, இந்தச் சட்டங்களில் பல உழைத்த நாளை எண்ணுகின்றனவே தவிர மணியை அல்ல என்பது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குப் பங்களிப்பு இருந்தால் இ.எஸ்.ஐ.யில் நோய்க்காலப் பணப்பயன் உண்டு. நிதியாண்டில் 30 நாள் உழைத்தவர் போனஸுக்கு உரியவர். பணிக்கொடைக்கு ஆண்டுக்கு 240 நாள். தினமும் நான்கு மணி நேரம் வருகிறவருக்கும் அது ஒரு நாள்தான். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் அந்த நாளும் இல்லை. ஆகவே பதிவேட்டை வாரம் ஒருமுறை சங்கப் பிரதிநிதி பார்க்கலாம் என்ற ஒரு வரியும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பகுதி நேர ஊழியருக்குச் சட்டப்படியான 8.33 சதவீத போனஸ் மட்டுமே. முழுநேர ஊழியருக்கு ஒப்பந்தப்படி அதைவிடக் கூடுதல். பொங்கும் எண்ணெய்க்கும் கொதிக்கும் சாம்பாருக்கும் இடையே ஒன்றாக நிற்பவர்களுக்குத் தீபாவளியில் மட்டும் இந்த வேறுபாடு எதற்கு? பார்சல் கட்டும் இரண்டு பேர் இன்னும் ஒப்பந்தக்காரர் ஆட்களாகவே இருக்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படும் குறை, அந்தக் கூடுதல் நேரப் பட்டியல். முழுநேர இடம் ஒன்று காலியானபோது பட்டியலில் முதலில் இருந்த பெண்ணை விட்டுவிட்டு வெளியிலிருந்து ஆள் எடுத்திருக்கிறார்கள். வரிசைப்படிதான் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதாததால் சங்கத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1997 ஆகஸ்டில் அமெரிக்காவின் யு.பி.எஸ். என்ற பார்சல் நிறுவனத்தில் ஏறத்தாழ 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று, பகுதி நேர ஊழியருக்கு முழுநேர இடம் என்பதே. பகுதி நேர வேலைகளை இணைத்து 10,000 முழுநேர இடங்களை உருவாக்க நிர்வாகம் எழுதிக்கொடுத்தது. எண்ணிக்கை எழுத்தில் இருந்ததால்தான் பிறகு அதைக் கேட்டு வாங்க முடிந்தது. காந்தி சாலைப் பக்கத்து உணவகத்துக்கு எண்ணிக்கை வேண்டாம், "பதிந்த தேதி வரிசைப்படி" என்ற மூன்று சொற்கள் போதும்.

முதலாளியிடமும் கல்லாவில் நின்றபடி சிறிது பேசினேன். முன்பெல்லாம் மாதத்துக்கு ஒரு புது ஆளுக்கு வேலை பழக்க வேண்டியிருந்தது, டம்ளர் உடைவதும் ஆர்டர் மாறுவதும் ஓயாது, இப்போது அந்தத் தொல்லை இல்லை என்றார். வரிசை பற்றிக் கேட்டேன். "பேசுவோம் ஐயா," என்றார்.

காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை இடம் கிடைப்பது கடினம். அவசரமில்லாதவர்கள் பத்து மணிக்கு மேல் போகலாம். புதிய ஒப்பந்தம் கையெழுத்தானதும் மேலே சொன்ன குறைகளில் எவை நீங்கின என்று விசாரித்து மீண்டும் எழுதுவேன்.