சென்னைச் சாலையில் சைக்கிளுக்கு இடம்: வெள்ளைக்கோடா, தனித்தடமா, மெதுவான தெருவா?

1970இல் சென்னை மக்கள் மேற்கொண்ட பயணங்களில் ஐந்தில் ஒன்று சைக்கிளில் நடந்தது. 2008ஆம் ஆண்டு போக்குவரத்து ஆய்வில் அது 6 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. அதே ஆய்வில் மோட்டார் இருசக்கர வண்டிகளின் பங்கு ஏறக்குறைய நான்கில் ஒன்று. வசதி வந்ததால் சைக்கிளை விட்டவர்கள் உண்டு. பயந்துபோய் விட்டவர்களும் நிறையப் பேர். பிள்ளையின் சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஒளித்து வைக்கும் பெற்றோரை யாரும் குறை சொல்ல முடியாது.

இன்றும் ஓட்டுகிறவர்கள் யார்? இரவுப் பணிக்குப் போகும் அடுக்குமாடிக் காவலாளி, விடியும் முன் பேப்பர் போடும் பையன், கேனில் டீ விற்பவர், கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளி, அரசு தந்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவி. எந்த ஏற்பாட்டை எடைபோடும்போதும் அந்த மாணவியைத்தான் அளவுகோலாக வைக்க வேண்டும் என்பது என் கட்சி. அவளைத் தனியாக அனுப்ப அவள் அம்மா சம்மதிப்பாரா? ஹெல்மெட் போட்டுக்கொண்டு கூட்டமாக ஈ.சி.ஆரில் பறப்பவர்கள் எந்தச் சாலையிலும் சமாளித்துவிடுவார்கள். அவர்களுக்கு ஏற்றபடி போட்ட சாலையில் அந்த மாணவி இறங்க மாட்டாள்.

சென்னை மாநகராட்சி 2014இலேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்து நிதியில் 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றது அது. நடைபாதைகள் பல இடங்களில் அகலமாயின. 2019இல் பாண்டி பஜார் முற்றிலும் மாறியது. சைக்கிள்தான் இன்னும் காத்திருக்கிறது. அதற்கு இடம் கொடுக்கும் வழிகள் உலகில் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவை. அவற்றில் நமக்கு எது ஒத்துவரும்?

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது கோடு. சாலையின் இடது ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, சைக்கிள் படம் வரைந்துவிட்டால் ஒரே இரவில் வேலை முடிந்தது. லண்டன் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2010 முதல் பெரிய சாலைகளில் நீலப் பட்டை பூசி, அவற்றுக்கு சைக்கிள் பெருஞ்சாலை என்று பெயரும் வைத்தார்கள். கிழக்கு லண்டனின் போ (Bow) ரவுண்டானாவில் அந்த நீலப் பட்டை 2011இல் வந்தது. அதே ஆண்டு அங்கே இரண்டு சைக்கிள்காரர்கள் லாரி மோதி இறந்தார்கள். 2013இல் இன்னொருவர். பாதுகாப்பு இருப்பதாக நினைத்து ஓட்டும்படி அந்த நீல நிறம் ஏமாற்றுகிறது என்ற குற்றச்சாட்டு மரண விசாரணையிலேயே எழுந்தது. கடைசியில் 2016 வாக்கில் அந்தத் தடத்தின் பெரும்பகுதியில் கல் பதித்துத் தனியாகப் பிரித்தார்கள். பெயின்ட் போட்ட செலவு வீண், போன உயிர்கள் போனவைதான்.

நம் ஊரில் இடது ஓரம் என்பது என்ன? மாநகரப் பேருந்து ஒதுங்கும் இடம், ஆட்டோ சவாரி பிடிக்கும் இடம், காரை நிறுத்திவிட்டு இட்லி வாங்கப் போகும் இடம், மணல் சேரும் இடம், மழைநீர் வடிகாலின் கம்பி மூடி வாய் பிளந்திருக்கும் இடம். அந்த ஓரத்துக்குக் கோடு போட்டால் சைக்கிள்காரர் பத்தடிக்கு ஒருமுறை நடுச்சாலைக்கு விலகத்தான் வேண்டும். வேகமாக வரும் பேருந்துக்கு முன்னால் திரும்பத் திரும்ப விலகுவதைவிட ஆபத்தான ஓட்டம் வேறில்லை. கோடு வேண்டாம் என்று தயங்காமல் சொல்லலாம்.

நடைபாதையில் ஏறி ஓட்டட்டும் என்பது இன்னொரு யோசனை. ஜப்பான் எழுபதுகளிலிருந்து அதை அனுமதித்தது. நமக்கு இருக்கும் கொஞ்சம் நடைபாதையில் பூக்காரம்மாவும் முதியவர்களும் ஸ்கூட்டர்களிடம் ஏற்கெனவே மல்லுக்கு நிற்கிறார்கள். காரிடம் கேட்க வேண்டிய இடத்தை நடப்பவரிடம் பிடுங்குவது நியாயமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாலையை மூடுவதை வேறு கணக்கில் வைப்பேன். பொகோட்டா 1974 முதல் அதைச் செய்கிறது. இன்று நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலைகள் ஞாயிறுதோறும் மக்களுக்குத் திறக்கின்றன. அருமையான விஷயம்தான், பிள்ளைகள் ஓட்டக் கற்றுக்கொள்வார்கள். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அது உதவாது.

ஆக, மெய்யான போட்டி இரண்டு வழிகளுக்கு இடையேதான்: கல் தடுப்போடு தனித்தடம், அல்லது வண்டிகளின் வேகத்தையே குறைத்த தெரு.

தனித்தடத்துக்கு நான் காட்டும் ஊர் செவில், ஆம்ஸ்டர்டாமோ கோபன்ஹேகனோ இல்லை. ஸ்பெயினின் தெற்கே உள்ள அந்த நகரில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். 2006 வரை அங்கே சைக்கிள் ஓட்டும் வழக்கமே அரிது. சிலிர்க்க வைக்கும் சாதனை அதன் பிறகு நடந்தது: ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தடத்தை, ஒன்றோடொன்று இணைந்த வலையாக, ஒரே மூச்சில் போட்டார்கள். அதற்கான இடத்தின் பெரும்பகுதியைச் சாலையோர கார் நிறுத்தங்களிலிருந்து எடுத்தார்கள். ஒரு நாளைக்குச் சில ஆயிரமாக இருந்த சைக்கிள் பயணங்கள் சில ஆண்டுகளில் 60 ஆயிரத்தைத் தாண்டின. ‘நம்ம வெயிலுக்கு யார் சைக்கிள் ஓட்டுவார்?’ என்று இனி கேட்பவர்களுக்கு இந்த ஊரின் பெயரைச் சொன்னால் போதும். நம் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலும் சாலையோரத்தில்தான் விழுகிறது, தடம் போக வேண்டிய அதே இடத்தில்.

அடுத்து, தில்லி. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008இல் திறந்த விரைவுப் பேருந்துத் தடத்தோடு, நல்ல சைக்கிள் தடமும் கட்டினார்கள். நீளம் 5.8 கிலோமீட்டர். இரு முனைகளுக்கும் அப்பால் எந்த வலையோடும் அது சேரவில்லை. நெரிசல் நேரத்தில் மோட்டார் பைக்குகள் உள்ளே புகுந்தன. காருக்கு இடம் குறைந்துவிட்டதென்ற கூச்சல் ஓயவே இல்லை. பிற்பாடு அந்தப் பேருந்துத் தடத்தையே இடித்துவிட்டார்கள். செவிலும் தில்லியும் பதித்தது ஒரே மாதிரிக் கல்தான். செவிலில் அது வீட்டிலிருந்து வேலைக்கும் பள்ளிக்கும் கொண்டுபோய் விட்டது, அதனால் நிறையப் பேர் ஏறினார்கள், அதனால் அதைக் காக்கவும் ஆள் இருந்தது.

பைக் புகுவதை எப்படித் தடுப்பது? தனித்தடத்தின் பெரிய பலவீனம் இதுதான். வாசலில் நெருக்கமாகக் கம்பம் நடலாம் என்பார்கள். சைக்கிள் நுழையும் இடைவெளியில் ஸ்கூட்டரும் நுழையும். இன்னும் நெருக்கினால் மீன்பாடி வண்டிக்காரரும் மூன்று சக்கர வண்டியில் வரும் மாற்றுத்திறனாளியும் வெளியே நிற்க நேரும். அவர்களை விட்டுவிட்டு யாருக்காகத் தடம்? கம்பத்தால் முடியாது. தடம் முழுக்க சைக்கிள் ஓடினால் பைக் தானாக விலகும்; அந்த நிலை வரும்வரை போக்குவரத்துக் காவலர் நின்று அபராதம் போட வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்காவது இதற்குப் பொறுமை வேண்டும் என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

இடத்தைப் பற்றிய கவலை அவ்வளவு பெரியதில்லை. ஓரமாக நிறுத்திய கார் ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலத்தை அடைக்கிறது. ஒருவழித் தடத்துக்கும் இரண்டு மீட்டர் போதும், ஒருவரை ஒருவர் முந்தலாம். நூறடிச் சாலைகளில் இந்த மாற்றத்துக்கு ஓடும் வண்டியிடமிருந்து ஒரு சாணும் எடுக்க வேண்டாம், நின்றுகிடக்கும் வண்டி நகர்ந்தால் சரி. பேருந்து நிறுத்தத்தில் தடம் நிழற்குடைக்குப் பின்னால் போக வேண்டும். டேனிஷ்காரர்களும் டச்சுக்காரர்களும் பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

தனித்தடத்தின் உயிர் சிக்னலில் இருக்கிறது. நம் பொறியாளர்கள் போடும் தடம் வழக்கமாகச் சிக்னலுக்குச் சற்று முன்பே முடிந்துவிடும், அதாவது மிகவும் தேவைப்படும் இடத்தில். இங்கே ஃப்ரீ லெஃப்ட் வேறு, அதாவது இடது பக்கம் திரும்பும் வண்டிக்குச் சிக்னல் கிடையாது. நேராகப் போகும் சைக்கிளின் குறுக்கே இடது பக்கம் திரும்பும் பேருந்தும் தண்ணீர் லாரியும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். போ ரவுண்டானாவில் உயிரைப் பறித்ததும் இப்படிக் குறுக்கே திரும்பும் ஓட்டம்தான். டச்சுச் சந்திப்புகளில் மூலையில் ஒரு சின்னத் தீவு இருக்கும்; திரும்பும் வண்டி அதைச் சுற்றி மெதுவாகத்தான் வர முடியும், சைக்கிள்காரர் ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக முன்னால் நிற்பார். தடம் போடும் சாலையில் ஃப்ரீ லெஃப்டை மூட மனமில்லாத ஊர் அந்தத் தடத்தைப் போடாமலே இருக்கலாம்.

இனி மெதுவான தெரு. கல் தேவையில்லை, கார் போகலாம், சைக்கிளும் கார் போகும் அதே பரப்பில் போகும். வேகம் 30ஐத் தாண்டக் கூடாது, ஊடே புகுந்து குறுக்குவழி பிடிக்கும் வண்டிகள் வரக் கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார், 30இல் வருவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றலோடு மோதுகிறது, வித்தியாசம் அவ்வளவு. இதில் எனக்குப் பிடித்த உதாரணம் நெதர்லாந்தின் குரோனிங்கன். 1977இல் நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குக் காரில் நேரே போக முடியாது, வெளியே சுற்றுச்சாலைக்குப் போய்த்தான் வர வேண்டும். சைக்கிளில் நேரே போகலாம். பெரும்பாலும் பலகைகளையும் தடுப்புகளையும் வைத்தே முடித்தார்கள். கடைக்காரர்கள் கொதித்தார்கள், ஆனால் திட்டம் நிலைத்தது. பெல்ஜியத்தின் கெந்த் நகரம் 2017இல் அதே வழியில் போனது.

சென்னைக்கு இது ஏன் முக்கியம் என்றால், மாநகராட்சியின் பொறுப்பில் உள்ள பேருந்துத் தடச் சாலைகள் சுமார் 400 கிலோமீட்டர்தான். உட்புறச் சாலைகள் 5,000 கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தெருவிலும் கல் பதிக்க முடியாது, தேவையும் இல்லை. அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் எல்லாம் குரோனிங்கன் மாதிரி பிரிப்பதற்கென்றே கட்டம் கட்டமாக அமைந்தவை. ஒருவழியாக்கிய தெருக்களில் சைக்கிளுக்கு மட்டும் இருவழி அனுமதி தரலாம். ஐரோப்பிய நகரங்களில் அது சாதாரணம். இப்போது நம் சைக்கிள்காரர் ஒன்வேயில் எதிரே வந்து திட்டு வாங்குகிறார்; சுற்றிப் போனால் அவர் கால்தானே வலிக்கும்?

ஆனால் நம் ஊரில் காரைத் தடுக்கும் பூந்தொட்டி பைக்கைத் தடுக்காது. ஆகவே தடுப்போடு சேர்த்துத் தெருமுனையைக் குறுக்கி, குறுக்குத் தெரு சேரும் இடத்தை நடைபாதை உயரத்துக்கு மேடாக்க வேண்டும். வீட்டுக்காரர்களே இரவோடு இரவாகப் போடும் கறுப்பு வேகத்தடை வேண்டவே வேண்டாம். அது காரைவிட சைக்கிளைத்தான் முதலில் கவிழ்க்கும்.

செலவில் மெதுவான தெரு ஜெயிக்கிறது. பைக் சிக்கலில் இரண்டும் ஏறக்குறைய சமம். அம்மாவின் நிம்மதியில், நெரிசல் சாலைக்குத் தனித்தடமும் வீட்டுப் பக்கத்துக்கு மெதுவான தெருவும் முன்னே நிற்கின்றன. டச்சுக்காரர்களும் இப்படித்தான் பிரித்துக்கொள்கிறார்கள்: 30இல் போகும் தெருவில் கலந்து ஓடலாம், 50 என்றால் பிரித்தாக வேண்டும்.

நம் நகரம் அதற்கு மேல் ஒரு நிபந்தனை போடுகிறது. அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய், புறநகர் ரயில் பாதை என்று சென்னை துண்டு துண்டாக வெட்டுப்பட்ட ஊர். எத்தனை தெருவை மெதுவாக்கினாலும் ஆற்றையும் தண்டவாளத்தையும் தாண்ட ஒரு சில பாலங்களிலும் சுரங்கப்பாதைகளிலும்தான் போயாக வேண்டும்: அடையாறு திரு.வி.க. பாலம், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம், தி. நகரையும் மேற்கு மாம்பலத்தையும் இணைக்கும் துரைசாமி சுரங்கப்பாதை. மேற்கு மாம்பலத்து மாணவி தி. நகர் பள்ளிக்குப் போகும் வழியில் எல்லா வண்டியும் ஒரே குழாயில் திணியும் இடம் அது ஒன்றுதான். அவள் அம்மா சம்மதிக்காமல் போவதும் அந்த ஒரு இடத்துக்காகத்தான்.

அதனால் என் வரிசை இப்படி: முதல் கல்லைப் பாலங்களிலும் சுரங்கப்பாதைகளிலும் பதிக்க வேண்டும், அகலமான அண்ணா சாலையில் தொடங்குவது புகைப்படத்துக்குத்தான் அழகு. ஒரு பாலத்தின் இரு கரையிலும் உள்ள குடியிருப்புத் தெருக்களை அதே சமயத்தில் 30க்குக் கொண்டுவர வேண்டும். அந்தப் பாலத்துக்கு வரும் சிக்னல்களில் ஃப்ரீ லெஃப்டை மூட வேண்டும். இதில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் பயன்படாது. பிறகு அடுத்த பாலம். உட்புறச் சாலையைச் சுரண்டி மறுதளம் போடும் ஒப்பந்தம் எப்படியும் வரத்தான் போகிறது. முனையைக் குறுக்குவதையும் மேடாக்குவதையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால் மெதுவான தெருவுக்கென்று தனியாகத் தோண்ட வேண்டிய அவசியமே வராது.