கூகுள் ஃபார்ம்ஸில் பெயரில்லாக் கருத்துக்கணிப்பு: கேட்க உதவும், பதில் சொல்ல உதவாது

குழுவில் யாருக்கு என்ன மனக்குறை என்று பெயர் கேட்காமல் அறிய விரும்பும் தலைவருக்குக் கூகுள் ஃபார்ம்ஸ் எளிய வழி. செலவில்லை, எல்லாருக்கும் பழகிய முகம், அரை மணி நேரத்தில் படிவம் தயாராகிவிடும். அமைப்புகளைச் சரியாக வைத்தால் பெயரை மறைக்கும் வேலையையும் ஒழுங்காகவே செய்கிறது. ஆனால் எட்டுப் பேர் குழுவில் ஆளை அடையாளம் காணப் பெயர் எதற்கு? பதில் வந்த நேரமும் எழுதிய நடையும் போதும். இந்தக் கருவியைக் கையாளும்போது கவனிக்க வேண்டியவை பெரும்பாலும் இந்த ஓட்டைகளைத்தான்.

முதலில் அமைப்புகள். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'ரெஸ்பான்ஸஸ்' என்பதன் கீழ் மின்னஞ்சல் சேகரிக்கும் தெரிவு இருக்கிறது. அதில் மூன்று நிலைகள்: சேகரிக்காதே, சரிபார்த்துச் சேகரி, பதில் தருபவரே எழுதட்டும். முதல் நிலையில்தான் இருக்க வேண்டும். அலுவலகக் கணக்கில் உருவாக்கும் படிவம் வேறு நிலையில் தொடங்கியிருக்கலாம். அனுப்பும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். அடுத்தது 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற கட்டுப்பாடு. இதைப் போட்டால் எல்லாரும் கூகுள் கணக்கில் உள்நுழைந்தாக வேண்டும். உங்களுக்கு மின்னஞ்சல் வந்து சேராது என்பது உண்மைதான், ஆனால் உள்நுழையச் சொன்ன உடனே பாதிப் பேர் எச்சரிக்கையாகிவிடுவார்கள். சிறிய குழுவுக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டாம். எட்டுப் பேருக்கு அனுப்பிப் பதினொரு பதில் வந்தால், யாரோ விளையாடியிருக்கிறார் என்பது எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். கோப்பு பதிவேற்றும் கேள்வியையும் சேர்க்காதீர்கள். அதற்கு உள்நுழைவு கட்டாயம்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நம்பிக்கையைக் கெடுப்பது இதுதான். ஏற்கெனவே கணக்கில் உள்நுழைந்திருப்பவர் படிவத்தைத் திறந்தால், மேலே அவருடைய மின்னஞ்சல் முகவரி தெரியும். பக்கத்தில் 'நாட் ஷேர்ட்' என்றும் இருக்கும், ஆனால் அதைப் படிப்பவர் குறைவு. தன் முகவரியைப் பார்த்ததும் "எல்லாம் நன்றாகத்தான் போகிறது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். படிவத்தின் விளக்கவுரையிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்: மேலே தெரியும் முகவரி எங்களுக்கு வராது, சந்தேகம் இருந்தால் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் ('இன்காக்னிட்டோ') திறந்து நிரப்பலாம்.

இனி நேரம். பதில்களைக் கூகுளின் அட்டவணைச் செயலியான ஷீட்ஸ் தாளோடு இணைத்தால் முதல் நெடுவரிசையில் ஒவ்வொரு பதிலும் வந்த நாளும் நேரமும் நொடி சுத்தமாகப் பதிவாகும். பதில் வந்ததும் மின்னஞ்சலில் அறிவிக்கும் வசதியும் உண்டு. இரவு 11 மணிக்கு அறிவிப்பு வந்தால், அந்த நேரத்தில் வேலை பார்ப்பவர் யார் என்று தலைவருக்குத் தெரியாதா என்ன? அறிவிப்பை அணைத்து வையுங்கள். மூன்று வேலை நாள் அவகாசம் கொடுத்து, படிவத்தை மூடும்வரை பதில்களைத் திறக்காதீர்கள். தாளை வேறு யாருக்கேனும் காட்டுவதாக இருந்தால், புதிய தாளில் பதில்களை மட்டும் ஒட்டி, நேர நெடுவரிசையை விட்டுவிட்டு, வரிசைகளைக் கலைத்துப் போடுங்கள். ஷீட்ஸில் 'டேட்டா' பட்டியலில் அதற்கான கட்டளை இருக்கிறது. படிவத்தைத் திருத்தும் உரிமை உள்ள எல்லாரும் பதில்களைப் பார்க்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பெரிய குறை எண்ணிக்கையில் வருகிறது. பணியாளர் கருத்துக்கென்றே விற்கப்படும் கட்டணக் கருவிகளில், பதில் தந்தவர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்குக் கீழே இருந்தால் முடிவையே காட்டாத தடுப்பு இருக்கும். 5 என்ற வரம்பு பரவலானது. கூகுள் ஃபார்ம்ஸில் அப்படி எதுவும் இல்லை. இரண்டே பதில் வந்தாலும் இரண்டையும் காட்டும். அதனால் 'எத்தனை ஆண்டு அனுபவம்', 'எந்தப் பிரிவு' போன்ற கேள்விகளை நீங்களே தவிர்க்க வேண்டும். இரண்டு கேள்வி சேர்ந்தால் ஆள் தெரிந்துவிடும்.

என்ன கேட்பது? குழுவில் பயமில்லாமல் பேச முடிகிறதா என்பதை ஆராயும் ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில் பயன்படுத்திய ஏழு கூற்றுகள் நல்ல அடிப்படை. தவறு செய்தால் அது நம்மீது திருப்பப்படுமா, சிக்கலை வெளிப்படையாகப் பேச முடியுமா, உதவி கேட்பது கடினமா என்ற வகையில் அவை போகும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். ஃபார்ம்ஸின் நேர் அளவுகோல் கேள்வி இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். (கூகுளே 2012-இல் தொடங்கித் தன் 180-க்கும் மேற்பட்ட குழுக்களை ஆராய்ந்தபோது, பயமில்லாமல் பேச முடிகிற சூழல்தான் மற்ற காரணிகளைவிட முக்கியம் என்று கண்டது. ஆனால் படிவத்தில் ஐந்து பேர் வரம்பு வைக்க மட்டும் தோன்றவில்லை.)

கணக்கில் சறுக்கும் இடம் இங்கேதான். அந்த ஏழில் மூன்று எதிர்மறைக் கூற்றுகள். அவற்றில் 7 போட்டால் நிலைமை மோசம் என்று பொருள். ஃபார்ம்ஸ் இதைத் தானாகத் திருப்பாது. ஷீட்ஸில் அந்த மூன்று நெடுவரிசைகளையும் 8-இலிருந்து கழித்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். கழிக்காமல் கூட்டினால் நல்ல குழுவும் மோசமான குழுவும் நடுவில் ஒன்றாகத் தெரியும். சராசரியை மட்டும் பார்ப்பதும் ஆபத்து. எட்டுப் பேரில் ஆறு பேர் 6-உம் இரண்டு பேர் 1-உம் போட்டால் சராசரி 4.75, பரவாயில்லை போலத் தோன்றும். வாயைத் திறக்கவே அஞ்சும் இரண்டு பேர் அந்த எண்ணுக்குள் காணாமல் போய்விடுகிறார்கள். சுருக்கப் பக்கத்தில் வரும் பட்டை வரைபடத்தைப் பார்த்தால் இடது ஓரத்தில் தனியாக நிற்கும் பட்டை உடனே கண்ணில் படும்.

எழுத்தில் பதில் கேட்கும் கேள்விகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். 'உங்கள் கருத்து என்ன?' என்பது வீண். 'அடுத்த மாதம் நாம் நிறுத்த வேண்டிய ஒரு பழக்கம்', 'கூட்டத்தில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட ஒன்று' என்று குறுக்கிக் கேட்டால் பயனுள்ள பதில் வரும். நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பதால், குழுவுக்கு வெளியே இருக்கும் ஒருவர் பதில்களைப் படித்துத் தன் சொற்களில் சுருக்கித் தருவது பாதுகாப்பு. பதில் தந்தவர்களுக்கே முடிவுகளைக் காட்டும் தெரிவை இயக்காதீர்கள். வரைபடங்களோடு எழுத்துப் பதில்களும் அப்படியே வெளியே தெரியும்.

இந்தக் கருவியால் முடியவே முடியாதது ஒன்று இருக்கிறது: திரும்பப் பேசுவது. 'வேலைப் பங்கீடு நியாயமில்லை' என்று ஒருவர் எழுதினால், எந்த வேலை, எப்போது என்று அவரிடம் கேட்க வழியில்லை. சில கட்டணக் கருவிகளில் பெயர் தெரியாமலே பதிலுக்குப் பதில் எழுதலாம். ஐம்பது பேருக்கு மேற்பட்ட அமைப்புக்கு அந்த ஒரு வசதிக்காகவே பணம் கொடுக்கலாம். மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: படிவத்தை நிறுவனத்தாருக்கு மட்டும் என்று வைத்தால் பெயரைப் பதிவு செய்யும் தெரிவு உண்டு, அதை அணைத்தாக வேண்டும்.

படிவம் மூடிய ஒரு வாரத்துக்குள் தலைவர் குழுவுக்கு முன்னால் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: வந்த புகார்களில் முக்கியமானவை எவை, எதை எந்தத் தேதிக்குள் மாற்றப் போகிறோம், எதை மாற்ற முடியாது, ஏன். மூன்றாவதைத்தான் பலர் விழுங்கிவிடுகிறார்கள். 'யார் எழுதியது?' என்று விளையாட்டாகக் கேட்டால்கூட அடுத்த முறை எல்லாப் பட்டைகளும் 6-இலும் 7-இலும் போய் நிற்கும்.

எட்டு முதல் முப்பது பேர் வரை உள்ள குழுவுக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ற அளவில், தாராளமாகப் பரிந்துரைக்கலாம். ஐந்து பேருக்குக் குறைந்த குழுவில் இதைத் திறக்கவே வேண்டாம். அங்கே பெயரில்லாப் படிவம் பெயருக்குத்தான் பெயரில்லாதது. அதற்குப் பதிலாக, குழுவோடு தொடர்பில்லாத ஒருவர் ஒவ்வொருவரிடமும் தனியே அரை மணி நேரம் பேசித் தொகுத்துத் தரட்டும்.