பிஹேவியரல் சயன்ஸா, யூரினரி சிஸ்டமா: எதை முதல்ல படிக்கிறது?

கொழும்பில மெடிசின் படிக்கிற தம்பி தங்கச்சிமார் கனபேர் இதைத்தான் கேக்கினம், அதான் எழுதுறன். பிஹேவியரல் எண்டா மனிசரின்ட மனமும் நடத்தையும் பற்றின பாடம், யூரினரி எண்டா கிட்னியும் சிறுநீரும் பற்றின பாடம்.

நேரம்: யூரினரி நல்லா இழுக்கும். ஒரு கிட்னியில கிட்டத்தட்ட 10 லட்சம் நெஃப்ரோன் (ரத்தத்தை வடிகட்டுற நுண்குழாய்), ரெண்டும் சேர்ந்து நாளைக்கு 180 லீட்டர் வடிகட்டி அதில 99 வீதத்தை திருப்பி எடுக்குது, எந்தக் குழாயில சோடியம் எப்பிடிப் போகுது எண்டு கையால படம் கீறாம மண்டையில நிக்காது. பிஹேவியரல் வாசிச்சாலே விளங்கும்.

ஞாபகம்: பிஹேவியரலில வாற, சத்தம் கேட்டாலே எச்சில் விடப் பழகின பாவ்லோவின்ட நாய்க் கதை மறக்காது. நெஃப்ரோனில வளைஞ்சு போற ஹென்லே லூப்பை ஒரு கிழமை விட்டா போச்சு.

வார்ட்டில: ரெண்டும் வேணும். கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற கிரியேட்டினின் ரிப்போர்ட் விளங்கினா மட்டும் காணாது, டயலிசிஸ் எண்டதும் அழுற மனிசனுக்குப் பக்கத்தில இருந்து, தமிழோ சிங்களமோ, ஆறுதலாக் கதைக்கத் தெரியோணும்.

பிசியோலஜி (உடம்பு வேலை செய்யிற விதம்) வீக் எண்டா யூரினரியில தொடங்குங்கோ. எக்ஸாம் கிட்டவந்திட்டுது எண்டா பிஹேவியரலை முதல்ல முடியுங்கோ.