வலென்சியாவுல பெட்டி வைக்கிற கடையை நம்பி 214 யூரோ போச்சு, உஷாரா இருங்க

கம்மி செலவுல ஒரே நாள்ல வலென்சியாவை எப்படிச் சுத்தலாம்னு எழுதறேன்னு போன வாரம் சொல்லியிருந்தேன். இப்போ அதுக்கு மனசே இல்லை. நேத்து ஞாயித்துக்கிழமை அந்த ஊர்ல 214 யூரோ போயிடுச்சு. வேற யாரும் இதுல மாட்டக்கூடாதுன்னு ஏர்போர்ட்ல உக்காந்து டைப் பண்றேன்.

சனிக்கிழமை ராத்திரி மாட்ரிட்ல பஸ் ஏறி விடியக்காலைல வந்து இறங்கினேன். ஞாயிறு ராத்திரி 9.20க்கு ஜெர்மனி ஃபிளைட். ரூம் போடலை, பகல் முழுக்க நடைதான். பெட்டியை மட்டும் எங்கயாவது வைக்கணும். ஊர்ல இருக்கிற சின்னச் சின்னக் கடைகள்ல பெட்டி வைக்க இடம் பிடிச்சுத் தர்ற ஆப் இருக்கே, அதுல ஒண்ணுல புக் பண்ணினேன். 6 யூரோ. பழைய ஊருக்குள்ள தொப்பி, சாவிக்கொத்து, விசிறி விக்கிற கடை. "தினமும் காலை 9 முதல் இரவு 10 வரை"ன்னு ஆப்ல தெளிவா போட்டிருந்தது. ஸ்கிரீன்ஷாட் இப்பவும் என்கிட்ட இருக்கு.

கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். மஞ்சள் அட்டைல நம்பர் எழுதி, பாதியைக் கிழிச்சு என் கைல கொடுத்துட்டு, மீதியை ரப்பர் பேண்ட் போட்டு பெட்டிக் கைப்பிடில மாட்டினார். நான் போன்ல 6 மணின்னு எழுதிக் காட்டி, அப்போ வந்து எடுத்துக்கலாமான்னு கேட்டேன். தலையை ஆட்டிட்டு "ட்ரான்கீலா"ன்னார். கவலைப்படாதேம்மான்னு சொல்ற மாதிரி. ஸ்பெயின்ல பிக்பாக்கெட் ஜாஸ்தின்னு எல்லாரும் பயமுறுத்தி அனுப்பியிருந்தாங்க. அதனால பாஸ்போர்ட்டையும் ஜெர்மனில தங்கறதுக்கான அனுமதி அட்டையையும் பெட்டிக்குள்ளயே வெச்சுப் பூட்டினேன். தெருவை விட இந்த மனுஷன் கடை பத்திரம்னு தோணுச்சு. அங்கதான் போச்சு எல்லாம்.

ஊர் மேல எனக்குக் கோபம் கிடையாது. பட்டு வியாபாரம் நடந்த பழைய லோன்ஹா மண்டபம் ஞாயித்துக்கிழமை இலவசம். 1996ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம். கயிறு முறுக்கின மாதிரி கல் தூண்கள், பாத்துக்கிட்டே இருக்கலாம். சுவத்துல உயரத்துல சுத்தி லத்தீன்ல பொன் எழுத்து ஓடுது. பேச்சுல வஞ்சகம் பண்ணாத, சத்தியம் பண்ணிட்டு ஏமாத்தாத, வட்டிக்கு விடாத வியாபாரிக்கு செல்வமும் பெருகும், நித்திய வாழ்வும் கிடைக்கும்னு அதுக்கு அர்த்தமாம். காலைல அதை ஆசையா போட்டோ எடுத்தேன். இப்போ அந்தப் போட்டோவைப் பாத்தாலே வயிறு எரியுது. அங்கிருந்து கொஞ்ச தூரத்துலதான் அந்தக் கடை.

அப்புறம் துரியா பூங்கா. 1957 வெள்ளத்துக்குப் பிறகு ஆத்தைத் தெற்கே திருப்பி விட்டுட்டு, பழைய ஆத்துப் படுகையையே தோட்டமா மாத்தியிருக்காங்க. காசே இல்லாம எவ்வளவு நேரம் வேணும்னாலும் நடக்கலாம். மதியம் ஒரு டம்ளர் ஓர்சாத்தா, ஒரு வகைக் கோரைக்கிழங்குல செய்யற குளிர்ந்த பால். அவ்வளவுதான் சாப்பாடு.

5.50க்குத் திரும்பி வந்தா ஷட்டர் இறங்கியிருக்கு. மணி அடிச்சேன், தட்டினேன். பக்கத்து பார்ல இருந்த பொண்ணு வெளிய வந்து, ஞாயித்துக்கிழமை அவர் 2 மணிக்கே மூடிடுவார், இனி நாளைக்குத்தான்னா. எப்பவுமே அப்படித்தானாம்!

ஆப் சாட்ல முதல்ல ரோபோ. இருபது நிமிஷம் கழிச்சு ஒரு ஆள். "கடையைத் தொடர்பு கொள்ளவும்." கடை நம்பர் ரிங் போயிட்டே இருக்கு. பாஸ்போர்ட் உள்ள இருக்கு, 9.20க்கு ஃபிளைட்னு கெஞ்சினேன். "கடையின் நேரம் மாறுதலுக்கு உட்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம்." சாட் மூடிடுச்சு. ரோந்து வந்த போலீஸ்கிட்ட ஓடினேன். மரியாதையாத்தான் பேசினாங்க, ஆனா கடை மூடியிருக்கிறது குத்தமில்லையே, அவங்க என்ன பண்ணுவாங்க? 9.20 ஆச்சு. அதே ஷட்டர் முன்னாடி படியில உக்காந்திருந்தேன்.

ராத்திரி தங்கப் போனா அடுத்த அடி. ஸ்பெயின்ல எந்த விடுதியிலயும் அடையாள அட்டையைப் பதிவு பண்ணணும். ரெண்டு ஹாஸ்டல்ல பாஸ்போர்ட் இல்லைன்னதும் முடியாதுன்னுட்டாங்க. மூணாவது இடத்துல போன்ல இருந்த பாஸ்போர்ட் போட்டோவைப் பாத்து, பாவப்பட்டு ஒரு படுக்கை கொடுத்தாங்க. 47 யூரோ. இன்னிக்கு ஃபிளைட் டிக்கெட் 161. பெட்டிக்கு 6. ஆக 214 யூரோ. நாலு நாள் பயணத்துக்கு நான் ஒதுக்கின மொத்தக் காசே அதுக்கும் கம்மி.

காலைல கடைக்காரர் ஒண்ணுமே நடக்காத மாதிரி பெட்டியை எடுத்து வெச்சார். ஆப்ல போட்டிருந்த நேரத்தைக் காட்டினா, "அது ஆப்காரங்க போட்டது, அவங்களைக் கேளு." ஆப்ல கேட்டா, "கடைக்காரர் கொடுத்த நேரம் அது." கடைசியா பெரிய மனசு பண்ணி 6 யூரோவுக்குக் கூப்பன் அனுப்பினாங்க, அடுத்த தடவை பெட்டி வைக்கறதுக்கு! போனது 214 யூரோ, தர்றது 6 யூரோ கூப்பன்.

ஹாஸ்டல் ரிசப்ஷன்ல இருந்த பையன் சொல்லித்தான் தெரியும், ஸ்பெயின்ல கடைகள்ல "ஓஹா தெ ரெக்லமாசியோனெஸ்"னு அரசாங்கப் புகார்ப் படிவம் வெச்சிருக்கணும். அந்தப் பேரைச் சொன்னதும் கடைக்காரர் முகம் மாறிச்சு. தேடறேன் தேடறேன்னு பத்து நிமிஷம் இழுத்துட்டு, மேஜைக்கு அடியிலேர்ந்து எடுத்தார். எழுதிக் கொடுத்து என் பிரதியை வாங்கிட்டேன். பேங்க்லயும் அந்த 6 யூரோவுக்கு டிஸ்ப்யூட் போட்டிருக்கேன். மீதி 208 வருமான்னு தெரியலை.

டிப்ஸ் எழுத நேரமில்லை, போர்டிங் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. பாஸ்போர்ட்டை எந்தப் பெட்டியிலயும் வைக்காதீங்க, உடம்போட இருக்கட்டும். அதோட போட்டோ போன்ல கட்டாயம் இருக்கணும். ஆப்ல போட்ட நேரத்தை நம்பாதீங்க, கடைக் கதவுல ஒட்டியிருக்கிற நேரத்தைப் பாருங்க, "தொமிங்கோ"ன்னா ஞாயித்துக்கிழமை. நான் அந்தக் கதவைப் பாக்கவே இல்லை. ஞாயித்துக்கிழமைன்னா கடைக்காரர் இல்லாம நாமளே திறந்து மூடற லாக்கரா பாத்துப் போடுங்க. யாருக்காவது இந்த மாதிரி ஆப்கிட்ட பணம் திரும்ப வந்திருந்தா எப்படி வாங்கினீங்கன்னு சொல்லுங்க, ப்ளீஸ்.